“வீட்டில் விழுந்தேன்” என்று சொல்லாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

கொழும்பை ஒட்டிய ஒருகொடவத்தை, பேலியகொடை, வத்தளைப் பக்கத்து ஸ்டோர்ஸிலும் யார்டிலும் வேலை செய்கிறவர்களிடமிருந்து வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பல, பாரம் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் வந்த காயங்கள்; மற்றவையும் வேலையோடு ஒட்டியவை. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதே கதையைத்தான் பலர் எழுதியிருக்கிறார்கள்.

அக்கா, எனக்கு ஊர் பொகவந்தலாவை. வத்தளையில் ஒரு ஸ்டோர்ஸில் மேன்பவர் (ஆட்களை வேலைக்கு அனுப்பும் ஒப்பந்தக்காரர்) மூலமாக வேலை செய்கிறேன். போன மாதம் பெலட் (சாமான் அடுக்கும் தட்டு) அடுக்கிக்கொண்டு நின்றபோது ஃபோர்க்லிஃப்ட் திரும்பி, பின் டயர் என் இடது காலில் ஏறிவிட்டது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சுப்பவைசர்தான் பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், பில்லும் கம்பனியே கட்டியது. ஆனால் யார் கேட்டாலும் போர்டிங் மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னார். வலியில் நானும் அப்படியே சொல்லிவிட்டேன். இப்போது 75,000 ரூபா தருகிறோம், இந்தக் கடிதத்தில் கையெழுத்து வை என்கிறார்கள். கடிதம் சிங்களத்தில் இருக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியாது. மேன்பவர்காரரோ, நீ எங்கள் ஆள், அந்தக் கம்பனியிடம் கேட்க உனக்கு உரிமை இல்லை என்கிறார். என்ன செய்வது? – கே., வத்தளை

தம்பி, முதலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். இன்றைக்கு வை, நாளைக்கு இந்தக் காசும் கிடைக்காது என்று அவசரப்படுத்தினாலும் வைக்காதீர்கள். கடிதத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலையின்போது, வேலையின் காரணமாக நடந்த விபத்தில் காயப்பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். முதலாளி பிழை விட்டார் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பையன் பார்க்காமல் திருப்பினானா, நீங்கள் நிற்கக்கூடாத இடத்தில் நின்றீர்களா என்பதெல்லாம் இங்கே பெரிய கேள்வி இல்லை. வேலையில் நடந்ததா இல்லையா, அதுதான் கேள்வி. அதனால்தான் மாடிப்படிக் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். அந்த ஒரு வசனத்தால் உங்கள் விபத்து வேலையிலிருந்து போர்டிங்குக்கு மாறிவிடுகிறது. பில் கட்டியதை நான் குறைசொல்லவில்லை, ஆனால் அந்த பில்லுக்குப் பதிலாக உங்களிடம் கேட்ட பொய், பில்லைவிடப் பல மடங்கு பெறுமதியானது.

ஆனாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. படியில் தடுக்கி விழுந்தவரின் கால் சுளுக்கும், எலும்பு வெடிக்கும். மேலே பாரம் ஏறினால் விரல்கள் நசுங்கும், தோல் உரிந்து வரும். எக்ஸ்ரேயும் டொக்டர் எழுதிய குறிப்பும் எப்படிப்பட்ட காயம் என்பதைக் காட்டிவிடும். ஆஸ்பத்திரியில் டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, ஒப்பரேஷன் குறிப்பு எல்லாவற்றின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். பிறகு ஸ்டோர்ஸ் இருக்கிற பகுதியின் பொலிஸ் நிலையத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லி ஒரு முறைப்பாடு போடுங்கள். ஏன் இவ்வளவு நாள் பிந்தியது, யார் என்ன சொல்லச் சொன்னார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

சாட்சி வேண்டும். பக்கத்தில் பெலட் அடுக்கிக்கொண்டிருந்தவர் யார், உங்களைத் தூக்கி வேனில் ஏற்றியவர் யார்? அவர்கள் வேலை போய்விடும் என்று பயப்படுவார்கள், அது நியாயமான பயம்தான், வற்புறுத்த வேண்டாம். பெயரையும் போன் நம்பரையும் மட்டும் குறித்து வையுங்கள். அன்றைக்கு வட்ஸ்அப்பில் யாராவது “எப்படி இருக்கு கால்?” என்று கேட்டிருந்தால் அதையும் அழிக்காதீர்கள். நீங்கள் அன்று வேலைக்கு வந்ததற்கு வரவுப் பதிவு இருக்கும், விரல் வைக்கிற மெஷினில் நேரத்தோடு இருக்கும். அன்று காலையில் உள்ளே போனவர் மாலையில் வெளியே வந்ததாகப் பதிவில்லை என்றால் மாடிப்படிக் கதை எங்கே நிற்கும்?

மேன்பவர்காரர் சொல்வது சரியில்லை. ஒரு நிறுவனம் தன் வழக்கமான வேலையின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துச் செய்விக்கும்போது, அந்த ஒப்பந்தக்காரரின் ஆளுக்குத் தன் இடத்தில் விபத்து நடந்தால் அந்த நிறுவனத்திடமும் நட்டஈடு கேட்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஸ்டோர்ஸில் சாமான் ஏற்றி இறக்குவது ஸ்டோர்ஸின் வழக்கமான வேலை இல்லாமல் வேறென்ன? ஆகவே விண்ணப்பத்தில் இரண்டு பேரையும் எழுதுங்கள். யார் கட்டுவது என்பதை அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். உங்கள் பெயரில் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், யார் கட்டினாரோ அவர் உங்கள் முதலாளி என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. கட்டவேயில்லை என்றால் அது தனி முறைப்பாடு, தொழில் திணைக்களத்தில் கொடுக்க வேண்டியது. அதற்காக உங்கள் நட்டஈட்டு உரிமை இல்லாமல் போகாது.

இனி 75,000. விரல் இழந்தது நிரந்தரக் காயம். எந்த உறுப்பு போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் போனதாகக் கணக்கு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அந்த வீதத்தையும் உங்கள் சம்பளத்தையும் வைத்துத்தான் தொகை வரும், சுப்பவைசரின் மனதில் தோன்றுகிற கணக்கை வைத்து அல்ல. காயம் ஆறி வேலைக்குத் திரும்பும் வரையான காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டிய பணமும் இருக்கிறது. 2022இல் சட்டத்தைத் திருத்தி, நட்டஈட்டின் உச்சத் தொகையை ஐந்தரை லட்சத்திலிருந்து 20 லட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். எல்லாருக்கும் 20 லட்சம் என்று அர்த்தமில்லை, அது உச்ச வரம்பு மட்டும். ஆனால் பழைய கணக்கைச் சொல்லி யாராவது ஏமாற்றப் பார்த்தால் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று. “இதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டேன்” என்று எழுதி வாங்குகிற கடிதத்தால் சட்டம் தந்த உரிமையைப் பறித்துவிட முடியாது. இரு தரப்பும் பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டாலும் அந்த உடன்படிக்கை தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போய்ப் பதிவாக வேண்டும், தொகை போதாது என்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். பிறகு ஏன் கையெழுத்து வைக்காதே என்கிறேன் என்றால், கையெழுத்து வைத்தபிறகு அதைச் செல்லாது என்று காட்ட நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். உங்கள் ஊர்ப் பக்கத்து ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ஒவ்வொரு தவணைக்கும் ஊன்றுகோலோடு பஸ் ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

விண்ணப்பம் போவது அந்த ஆணையாளருக்கு. சட்டத்தரணி இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். எங்கே எப்படி என்று குழப்பமாக இருந்தால் நாரஹேன்பிட்டியில் இருக்கிற தொழில் செயலகத்தில், இல்லாவிட்டால் உங்கள் பக்கத்துத் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். வழக்கறிஞர் தேவை, காசில்லை என்றால் புதுக்கடை நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நாள் கடத்தாதீர்கள். இதற்குக் காலக்கெடு இருக்கிறது, பிந்தினால் ஏன் பிந்தியது என்று தகுந்த காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

கம்பனி உங்களைத் தங்கள் டொக்டரிடம் காட்டச் சொன்னால் மறுக்காமல் போங்கள், அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. காரணமில்லாமல் மறுத்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

நான் ஃபோர்க்லிஃப்ட் ஒப்பரேட்டர். சரிவான இடத்தில் பாரத்தோடு திருப்பும்போது வண்டி சாய்ந்தது. பயத்தில் வெளியே குதித்தேன், மேல்கூரைக் கம்பியில் கால் மாட்டி எலும்பு முறிந்துவிட்டது. பெல்ட் போடாததும் குதித்ததும் உன் பிழை, உனக்கு ஒரு சதமும் இல்லை என்கிறார்கள். உண்மையா? – எஸ்., கொலன்னாவை

இல்லை. கவனக்குறைவு வேறு, வேண்டுமென்றே செய்வது வேறு. குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்கென்று தெளிவாகச் சொல்லப்பட்ட கட்டளையைத் தெரிந்தே மீறினாலோ, பாதுகாப்புக்காகப் பூட்டியிருந்த ஒன்றை வேண்டுமென்றே கழற்றினாலோதான் சட்டம் முதலாளியைத் தப்பவிடுகிறது. சாய்கிற வண்டியிலிருந்து குதிப்பது பயத்தில் உடம்பு செய்கிற வேலை, அதைக் கட்டளை மீறல் என்று சொல்ல முடியாது.

பெல்ட் விஷயத்தில்தான் அவர்கள் பிடிப்பார்கள். அதனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள்: அந்த வண்டியில் பெல்ட் வேலை செய்ததா? போட வேண்டும் என்று உங்களுக்கு எப்போதாவது எழுத்தில் கொடுத்தார்களா? பயிற்சி தந்தார்களா, இல்லை பழைய ஒப்பரேட்டர் லீவில் போன அன்று சாவியைக் கையில் தந்து ஓட்டு என்றார்களா? சுப்பவைசர் பார்த்துக்கொண்டு நிற்க ஒவ்வொரு நாளும் எல்லாரும் பெல்ட் இல்லாமல்தான் ஓட்டினார்கள் என்றால், அன்றைக்கு மட்டும் அது கட்டளை ஆகிவிடாது. கூட ஓட்டியவர் ஒருவர் அதைச் சொன்னால் போதும்.

நட்டஈட்டை விட்டு ஒரு நிமிடம், மற்ற ஒப்பரேட்டர்களுக்காக. ஃபோர்க்லிஃப்ட் பின் சக்கரத்தால் திரும்புகிற வண்டி. முன்பக்கம் கொஞ்சம் திரும்பினாலே வால் பக்கம் அகலமாக வீசும், முதல் கடிதத்துத் தம்பியின் கால் போனது அப்படித்தான். பாரத்தை உயரத்தில் தூக்கியபடி ஓடினால், அதுவும் சரிவில் குறுக்கே திருப்பினால், கவிழ அதிக நேரம் எடுக்காது. கவிழும்போது குதித்தால் அந்த மேல்கூரைதான் ஆளை நசுக்கும். பெல்ட்டோடு உள்ளேயே இருந்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, காலை ஊன்றி, விழுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்வதுதான் உயிரைக் காக்கும். இதை வேலைக்கு எடுத்த முதல் நாளே சொல்லித்தர வேண்டியது கம்பனி. சொல்லித்தராமல் விட்டுவிட்டு குதித்தது உன் பிழை என்று சொல்வதைக் கேட்க எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிற இடமென்றால், மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமல் போன விபத்தை நிர்வாகம் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

என் கணவர் யார்டில் கொன்டெய்னர் இறக்கும்போது பெலட் விழுந்து இறந்துவிட்டார். கம்பனியிலிருந்து செத்தவீட்டுக்கு வந்து மாமியின் கையில் ஒரு தொகை கொடுத்துவிட்டு, கணக்கு முடிந்தது என்கிறார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். – கொட்டாஞ்சேனை வாசகி

தங்கச்சி, கணக்கு முடியவில்லை. மரணமென்றால் நட்டஈட்டை முதலாளி நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும். வீட்டில் யாருடைய கையிலோ கொடுத்ததை நட்டஈடு கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளாது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று அவரை நம்பியிருந்தவர்களுக்கு எப்படிப் பிரிப்பது என்பதை ஆணையாளர் முடிவு செய்வார். பிள்ளைகளின் பங்கை அவர் பாதுகாத்து வைக்கவும் முடியும். மாமியோடு இதற்காகச் சண்டை வேண்டாம், அவருக்கும் சேர்த்துத்தான் விண்ணப்பம் போகும், இரண்டு பேரும் ஒன்றாகப் போனால் வேலை லேசாகும்.

விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், மரண விசாரணை அறிக்கை, கணவரின் கடைசிச் சம்பளத் துண்டுகள், இவ்வளவையும் சேர்த்து வையுங்கள். ஈ.பி.எஃப் பணம், ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) பணம் இரண்டும் இதிலிருந்து வேறானவை, அவையும் உங்களுக்கு வர வேண்டியவை. அவற்றைக் கொடுத்துவிட்டு இதுதான் நட்டஈடு என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கம்பனியின் கவனக்குறைவு அப்பட்டமாகத் தெரிகிறது, பெரிய தொகைக்கு வழக்குப் போடலாம் என்று யாராவது சொன்னால், அது மாவட்ட நீதிமன்றத்தில் போடுகிற வேறு வழக்கு. அங்கே பிழையை நிரூபிக்க வேண்டும், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரே விபத்துக்கு இரண்டு பாதையிலும் பணம் எடுக்க முடியாது, ஆகவே எதையாவது தாக்கல் செய்வதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

கால் குணமாகி வேலைக்குப் போனேன். நொண்டுகிற ஆள் எங்களுக்கு வேண்டாம், இனி வராதே என்று சொல்லிவிட்டார்கள். வாயால்தான் சொன்னார்கள், கடிதம் இல்லை. – ஆர்., பேலியகொடை

வாயால் சொன்னதைக் கேட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், வேலைக்கு வரவில்லை என்று பிறகு உங்கள் மேலேயே திருப்புவார்கள். “இந்தத் திகதியில் வேலைக்கு வந்தேன், இவர் திருப்பி அனுப்பினார், வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்” என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வேலை நீக்கத்துக்கு எதிராக, வேலைப் பிணக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்தான் இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும் என்று வேலை முடிவுறுத்தல் பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நட்டஈடு வாங்கியதால் இந்த உரிமை போய்விடாது.

இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் த்ரீவீலர் மோதி அடிபட்டேன். இதற்கும் கேட்கலாமா? – வாசகர், மட்டக்குளி

கேட்கலாம். 2022 திருத்தத்தில் வேலைக்குப் போகிற, வேலையிலிருந்து வருகிற வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்துவிட்டார்கள். ஷிப்ட் முடிந்த நேரத்துக்கும் விபத்து நேரத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும், வழக்கமாகப் போகிற பாதையாக இருக்க வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டில் இடமும் நேரமும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள், பிழையென்றால் உடனே போய்த் திருத்துங்கள். த்ரீவீலரின் இன்சூரன்ஸ் நம்பரையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.