வாலடி வெள்ளை மட்டும் போதாது: பூனைப்பருந்து கேள்வி பதில்

தேவகோட்டை: அண்ணே, சம்பா அறுத்த வயலுக்கு மேலே சாம்பல் நிறப் பருந்து ஒன்று ஒரே இடத்தில் சிறகடித்தபடி நின்றது. ஆண் பூனைப்பருந்துதானே?

அந்தரத்தில் அப்படி நின்றால் முதலில் கருந்தோள் பருந்தை நினையுங்கள் தம்பி. அது வருஷம் முழுக்க இங்கேயே இருப்பது. நீளம் 31–37 செ.மீ., கண் சிவப்பு, கறுப்பு தோளில். கரண்டு கம்பியில் உட்காரும். பூனைப்பருந்து (ஆங்கிலத்தில் ஹாரியர்) குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போவது. 40 செ.மீ.க்கு மேல், வால் நீளம், ஆணுக்குக் கறுப்பு சிறகு நுனியில். வயலை ஆளுயரத்தில் தடவுவது போல் பறந்து போய், உட்கார வேண்டுமானால் தரையிலோ வரப்பிலோ இறங்கும். இறக்கையைக் கவட்டை போலத் தூக்கி மிதப்பதை வைத்து முடிவுகட்டாதீர்கள். கருந்தோளும் அப்படித்தான் மிதக்கும்.

கண்டனூர்: அறிந்தவரை இங்கே எத்தனை வகை பூனைப்பருந்து வரும்? எப்போது?

புன்செய்த் தரிசிலும் தாள் நிற்கும் வயலிலும் வெளிர் பூனைப்பருந்து, மாண்டேகு பூனைப்பருந்து. கண்மாய்ப் பக்கம் சேற்றுப் பூனைப்பருந்து. புரட்டாசி, ஐப்பசியில் வந்து பங்குனி வாக்கில் கிளம்பிவிடும். தை, மாசியில் அறுவடை முடிந்து நிலம் திறந்து கிடக்கும்போது பார்ப்பது சுலபம். சீமைக்கருவேலம் அடைத்த கண்மாயில் தேடுவது வீண். தாழப் பறந்து வேட்டையாட அதற்கு வெட்டவெளி வேண்டும்.

கானாடுகாத்தான்: பழுப்பு நிறம், வாலடியில், அதாவது முதுகுப்புறம் வால் தொடங்கும் இடத்தில், பளிச்சென்று வெள்ளை. மாண்டேகுவா, வெளிரா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள் ஐயா.

சொல்லத்தான் செய்வார்கள். வாலடி வெள்ளை இரண்டின் பெண்ணுக்கும் உண்டு, இளம்பறவைக்கும் உண்டு. அதை வைத்து இது பூனைப்பருந்து என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் வயிற்றைப் பாருங்கள். கோடு இல்லாமல் ஒரே செம்மஞ்சளாக இருந்தால் அந்த ஆண்டு பிறந்த இளம்பறவை. மங்கலான அடியில் பழுப்புக் கீற்றுகள் இருந்தால் வளர்ந்த பெண்.

இளம்பறவை என்றால் முகத்துக்குப் போங்கள். இரண்டுக்கும் கன்னம் கறுப்புதான். வெளிருக்கு அந்தக் கன்னத்தின் பின்னால் வெளிறிய கழுத்துப்பட்டை தெளிவாக ஓடும். அதை ஒட்டிக் கழுத்தின் பக்கவாட்டில் அடர்நிறம். மாண்டேகுவுக்குப் பட்டை இருக்காது. கண்ணைச் சுற்றி வெள்ளை அதிகம். அடுத்து சிறகின் அடிப்புறம்: மாண்டேகுவுக்கு விரல்போல் விரியும் நுனி இறகுகள் முழுக்கக் கறுத்து, அந்தக் கறுப்பு பின் ஓரத்திலும் தொடரும். வெளிருக்கு நுனி அவ்வளவு கறுக்காது.

வளர்ந்த பெண்ணில், உடலை ஒட்டிய உள்சிறகின் அடியைப் பாருங்கள். மாண்டேகுவுக்கு அங்கே கறுப்பும் வெளிறும் மாறிமாறித் தெளிவான பட்டைகள். வெளிருக்கு அந்தப் பகுதி மொத்தமாக இருண்டு, வெளிச்சிறகு மட்டும் வெளுத்துத் தெரியும்.

ஆண்களில் இந்தத் தொல்லை இல்லை. மாண்டேகு: உள்சிறகின் மேல்புறம் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, வயிற்றில் செம்பழுப்புக் கீற்று. வெளிர்: கோடில்லாத வெளிர்சாம்பல், நுனியில் மெல்லிய கறுப்பு ஆப்பு.

பழுப்புப் பறவையின் முதுகுப் பக்கம் மட்டும் தெரிந்த படத்தில் பெயர் கேட்டால், "பூனைப்பருந்து, வகை தெரியவில்லை" என்பதுதான் நேர்மையான பதில். பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் ஈபேர்ட் தளத்திலும் அப்படியே பதியலாம். தவறான வகைப் பெயரை விட அது மேல்.

காரைக்குடி: படம் எடுக்க கேமரா அமைப்பு சொல்லுங்கள்.

ஷட்டர் வேகம் 1/2000 நொடி. வெள்ளை வானப் பின்னணியில் எக்ஸ்போஷரை (ஒளியளவை) ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள், இல்லாவிட்டால் அடிச்சிறகு கரிக்கட்டையாகும். வெளிர் ஆண் செம்மண் பின்னணியில் வந்தால் கொஞ்சம் குறையுங்கள். அழகான ஒரு படத்துக்குக் காத்திருக்காமல், திரும்பும்போது தொடர்ச்சியாக எடுங்கள். அப்போதுதான் முகமும் அடிச்சிறகும் சிக்கும்.

திருப்பத்தூர்: கண்மாய் மேலே சாக்லேட் நிறம், உச்சந்தலை மட்டும் வெண்ணெய் நிறம்?

சேற்றுப் பூனைப்பருந்து, பெண் அல்லது இளசு. இளம் செம்பருந்தும் பழுப்புதான், ஆனால் அந்தத் தொப்பி இருக்காது, வால் குட்டை.

திருமயம்: கருவேல மரத்தில் மணிக்கணக்கில் அசையாமல் இருந்தது. கண் வெள்ளை.

வெள்ளைக்கண் வைரி. தொண்டை வெள்ளையில் நடுவே கறுப்புக் கோடும், பிடரியில் வெள்ளைப் புள்ளியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இது குளிர்கால விருந்தாளி இல்லை, இந்நாட்டுப் பறவை.

பள்ளத்தூர்: பூனைப்பருந்து கோழிக்குஞ்சைத் தூக்கும் என்று அப்பத்தா விரட்டச் சொல்கிறார்.

அப்பத்தாவிடம் சொல்லுங்கள், குஞ்சு தூக்குவது பெரும்பாலும் வல்லூறும் ஊர்ப்பருந்தும். வயலில் திரியும் பூனைப்பருந்துக்கு வெட்டுக்கிளி, எலி, ஓணான், வானம்பாடி போதும். புரோமடியோலோன் போன்ற எலிமருந்து வைத்தால் செத்த எலியைப் பொறுக்கி ஆழப் புதைத்துவிடுங்கள். அதைத் தின்னும் பறவைக்கும் விஷம் ஏறும். 1972 வனவிலங்குச் சட்டப்படி பூனைப்பருந்தைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம்.

கோட்டையூர்: பூனைப்பருந்து இரவில் எங்கே தங்கும்?

மரத்தில் இல்லை; புல்தரையில், பல சேர்ந்து. பொழுது சாயும்போது தாழ வட்டமிட்டு ஒவ்வொன்றாக இறங்கும். குறைந்தது 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள், டார்ச் அடிக்காதீர்கள், இடத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.