தனுஷ்கோடி ரயில் நிலையம் ஏன் திரும்பக் கட்டப்படவில்லை?

இன்று இடிந்த சுவரும் மணலுமாகக் கிடக்கும் இந்த இடத்துக்கு ஒரு காலத்தில் சென்னையிலிருந்தே நேராக ரயில் வந்தது என்றால் நம்பவே கஷ்டமாக இருக்கும். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு! எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். இந்த ரயிலுக்கு போட் மெயில் என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கிய நேரத்தில் ராட்சத அலையில் அடித்துப் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை, எப்போது படித்தாலும் மனசு கனத்துவிடும்.

சரி, ஏன் திரும்பக் கட்டவில்லை? புயலில் சேதமான பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள், ஆனால் ஊரையே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டதால் தண்டவாளம் ராமேஸ்வரத்தோடு நின்றது, அப்புறம் கப்பலும் அங்கிருந்தே கிளம்பியது. 2019-இல் புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள், ரயில் இன்னும் வரவில்லை. போனால் தேவாலயச் சுவரில் பவளக்கற்களைத் தொட்டுப் பாருங்கள், உப்புக் காற்றில் அரித்து விரலில் பொடியாக ஒட்டும்.