பூக்கொத்தியும் புல்லுருவியும்: மாந்தோப்புக் கேள்வி பதில்

கே: பூக்கொத்திப் பறவையையும் மரக்கிளையில் ஒட்டுண்ணியாக வளரும் புல்லுருவிச் செடியையும் ஏன் சேர்த்தே பேசுகிறார்கள்?

ப: வெளிர் அலகுப் பூக்கொத்திக்கு எட்டு செ.மீ. நீளம்தான். புல்லுருவிப் பழத்தை முழுசாக விழுங்கும். பழத்துக்கு ஒரே விதை. சில நிமிடத்தில் வெளியே வந்துவிடும், பசை மட்டும் போகாது. எச்சம் பின்புறத்திலேயே ஒட்டிக்கொள்வதால் பறவை கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். விதைக்கு வேண்டியது அதுதான். மண்ணில் விழுந்தால் பிழைக்காது. இந்தப் பழம் இல்லாவிட்டாலும் பூக்கொத்திக்குத் தின்னத் தேன்பழமும் சிலந்தியும் உண்டு. கடன்பட்டது செடிதான்.

கே: புல்லுருவியைக் கையால் பிடுங்கினால் போதுமா?

ப: போதாது. இலை பச்சையாக இருப்பதால் உணவைத் தானே தயாரிக்கும். நீரையும் தாது உப்பையும் மரத்திடம் உறிஞ்சும். அந்த உறிஞ்சுவேர் கட்டைக்குள் இருக்கிறது. பட்டைமேல் ஓடும் வேர்களும் வழியில் பல இடங்களில் உள்ளே இறங்கும். பிடுங்கினால் மறுபடி துளிர்க்கும். செடி ஒட்டியுள்ள முண்டிலிருந்து அடிமரப் பக்கமாக ஓர் அடி தள்ளி, பழம் பழுக்குமுன் கிளையை வெட்டுங்கள்.

வெட்டுவாயில் பூஞ்சை வராமல் போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம் அரை லிட்டர் நீரில், சுண்ணாம்பு 100 கிராம் இன்னொரு அரை லிட்டரில், தனித்தனியாகக் கரைத்துக் கலக்கவும். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு கூடாது. கத்தி நுனியை முக்கினால் செம்பு படிகிறதா? இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவும்.

கே: புல்லுருவி சர்க்கரை நோய்க்கு நல்லதா?

ப: சித்த மருத்துவரைக் கேளுங்கள்.

கே: தேன்சிட்டும்தான் அங்கேயே சுற்றுகிறது. பழி பூக்கொத்திக்கு மட்டுமா?

ப: நல்ல சண்டை. பறவையியலாளர் சாலிம் அலி கொங்கணத்தில் இதையே ஆராய்ந்து 1931-இல் எழுதினார். நீண்ட குழல்பூவில் தேன் குடித்து மகரந்தம் கடத்துவது தேன்சிட்டு. விதை பரப்புவது பூக்கொத்தி. அலகைப் பாருங்கள்: தேன்சிட்டுக்கு நீண்டு வளைந்தது, பூக்கொத்திக்குக் குட்டை.

கே: அப்படியானால் தேன்சிட்டு இல்லாவிட்டால் பழமே இல்லையே, முதல் குற்றவாளி அதுதானே?

ப: வாதம் சரி, தண்டனை தப்பு. பூக்கொத்தியும் பூவில் தேன் குடிக்கும், மகரந்தமும் கடத்தும். இரண்டையும் விரட்டினாலும் மரத்திலுள்ள புல்லுருவி அப்படியேதான் இருக்கும். வலை வேண்டாம், அரிவாளை எடுங்கள்.

கே: களைக்கொல்லி ஊசி?

ப: மரத்துக்கும் சேர்த்துத்தான் ஏறும். வேண்டாம்.

கே: இழுத்துப் பிடுங்கினேன், மறுபடி வந்துவிட்டது. என்ன செய்ய?

ப: இரண்டாவது பதிலைப் படியுங்கள். ஓர் அடி தள்ளி.

கே: தாய்க்கிளையிலேயே இருக்கிறது, வெட்ட மனமில்லை.

ப: செடியைப் பட்டையோடு ஒட்ட வெட்டிவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க நறுக்குங்கள். செடி சாகாது, ஆனால் பூக்கவும் முடியாது.