ஆள் பாதி, பேச்சு பாதி

இந்த இதழுக்கு மேடைப் பேச்சு பற்றி வந்த கேள்விகளை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள், அதனால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

1967-ல் ஜனங்கள் அண்ணாவின் அடுக்குமொழியில் மயங்கித்தான் ஓட்டுப் போட்டார்கள் என்கிறார் என் தாத்தா. எதுகை மோனைக்கு அவ்வளவு சக்தியா? (விருதுநகர்)

தாத்தா பழைய காங்கிரஸ்காரரோ? எதுகை மோனை மட்டும் போதும் என்றால் பட்டிமன்றத்தில் பேசுகிறவர்கள் எல்லோரும் எம்எல்ஏ ஆகியிருக்க வேண்டும். அண்ணா ஒரு கூட்டத்துக்குத் தாமதமாக வந்து சித்திரை, பத்தரை, நித்திரை என்று அடுக்கி, கடைசியில் முத்திரை போடச் சொல்லி முடித்தார் என்று ஒரு கதை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது இல்லையா, அதையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மாதம் சித்திரை, கேட்பவருக்கே தெரியும். மணி பத்தரை, அதுவும் தெரியும். தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, அதை யாரும் சொல்லவே வேண்டியதில்லை. மூன்று தடவை மனசுக்குள் "ஆமாம்" போட்டவர் நாலாவதாக வருகிற வேண்டுகோளுக்கும் "ஆமாம்" போட்டுவிடுகிறார். ஓசை செய்கிற வேலை, அந்த நாலாவது வேறு ரகம் என்பதைக் கவனிக்க விடாமல் செய்வதுதான்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்". ஜனங்கள் அரிசிக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். காதில் தங்குவது மூன்று படி, வாக்குக் கொடுத்தது ஒரு படிக்கு மட்டும், நாளைக்கு யாராவது கேட்டால் திறந்துகொண்டு போகப் பின்வாசல் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. (ஆட்சிக்கு வந்த பிறகு அந்த ஒரு படித் திட்டமே சென்னை, கோவையைத் தாண்டி மாநிலம் முழுக்கப் போகவில்லை. கஜானா இடம் கொடுக்கவில்லை.)

எதிரில் நின்றவர் உங்கள் ஊர்க்காரர். காமராஜருக்கு அடுக்குமொழியும் கிடையாது, மேற்கோளும் கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது மாதிரிதான் மேடையிலும் பேசுவார். ஒன்பது வருஷம் முதல்வராக இருந்து, பள்ளிக்கூடங்களைத் திறந்து, மதிய உணவு போட்டு, 1963-ல் தானாகவே பதவியை விட்டு இறங்கிய மனுஷன். அந்தப் பேருக்கு முன்னால் எந்த அடுக்குமொழியும் செல்லாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவரே 1967-ல் விருதுநகரில், மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். காமராஜர் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை, அரிசித் தட்டுப்பாடும் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடும் கட்சியின் கணக்கில் ஏறியிருந்தன, அப்போது முதல்வர் பக்தவத்சலம்தான் என்றாலும் அந்தக் கணக்கை இவரும் சேர்ந்து சுமக்க வேண்டியிருந்தது. அப்புறம் இன்னொன்று, அந்தத் தேர்தலின் மிகப் பெரிய பிரசாரத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஜனவரி 12-ல் சுடப்பட்டு, கழுத்தில் கட்டோடு இருந்த எம்ஜிஆரின் படம் சுவர் சுவராக ஒட்டப்பட்டது. அவர் பரங்கிமலைத் தொகுதிக்குள் கால் வைக்காமலே ஜெயித்தார்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஜோக் அடித்துத் தப்பிக்கும் தலைவர்களை ஏன் எல்லோரும் ரசிக்கிறோம்? (சேலம்)

பதில் கிடைத்துவிட்டது என்ற உணர்வைச் சிரிப்பு கொடுத்துவிடுகிறது, அதனால்தான். அமெரிக்காவில் 1984 அக்டோபரில், மறுபடியும் தேர்தலில் நின்ற ஜனாதிபதி ரீகனுக்கு 73 வயது, முதல் தொலைக்காட்சி விவாதத்தில் தடுமாறியிருந்தார், வயசாகிவிட்டது என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்துவிட்டன. இரண்டாவது விவாதத்தில் நேராகவே கேட்டார்கள். வயதை இந்தத் தேர்தலில் பிரச்சினையாக்க மாட்டேன், என் எதிராளியின் இளமையையும் அனுபவக் குறைவையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்றார். எதிராளி மான்டேலுக்கு அப்போது 56 வயது, செனட்டராக இருந்தவர், துணை ஜனாதிபதியாகவும் இருந்தவர். அவரே சிரித்துவிட்டார். 73 வயதில் இன்னும் நாலு வருஷம் அந்த வேலையைச் செய்ய உடம்பும் மூளையும் ஒத்துழைக்குமா என்பதுதான் கேள்வி, அது அப்படியே கிடந்தது. ரீகன் 49 மாநிலங்களில் ஜெயித்தார்.

நேர்மையானவர் என்று பெயர் எடுத்த ஒருவர் சொன்னால் நம்பிவிடலாம் அல்லவா? எல்லாவற்றையும் நாமே சோதித்துக்கொண்டிருக்க முடியுமா? (தஞ்சாவூர்)

முடியாது. டாக்டர் எழுதித் தருகிற மாத்திரையை நான் சோதித்துப் பார்த்துவிட்டா விழுங்குகிறேன்? ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குக் காலின் பவல்தான் ஞாபகம் வந்தார்.

ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன், வியட்நாமில் சண்டை போட்டவர், 1991 வளைகுடாப் போரின்போது முப்படைத் தளபதிகளின் தலைவர். 2003-ல் புஷ் அரசின் வெளியுறவு அமைச்சர். இராக் மேல் படையெடுப்பதில் அந்த அமைச்சரவையில் அவசரம் காட்டாதவர் என்று பெயர் அவருக்குத்தான் இருந்தது. அதனால்தான் பிப்ரவரி 5-ம் தேதி ஐநா பாதுகாப்பு சபையில் பேச அவரை அனுப்பினார்கள். போர் வேண்டும் என்று குதித்துக்கொண்டிருப்பவர் பேசினால் யார் கேட்பார்கள்? தயங்கியவரே வந்து, இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்று சொன்னால், "இவரே சொல்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது" என்றுதான் தோன்றும்.

பேச்சின் கட்டுமானத்தைப் பாருங்கள். பின்னால் சிஐஏ இயக்குநர் ஜார்ஜ் டெனட் உட்கார்ந்திருக்கிறார், கேமரா எப்போது திரும்பினாலும் அவரும் தெரிகிறார், அதாவது உளவுத்துறையே சாட்சி. ஒட்டுக்கேட்ட உரையாடல், வானிலிருந்து எடுத்த படங்கள். தான் சொல்வது ஒவ்வொன்றுக்கும் உறுதியான ஆதாரம் இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். நடுவில் ஒரு சின்னக் குப்பியைக் கையில் தூக்கிக் காட்டுகிறார். 2001-ல் ஒரு உறையில் வந்த, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவான ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடி அமெரிக்க செனட்டையே மூட வைத்தது என்கிறார். அது உண்மைதான். ஆனால் அந்தப் பொடிக்கும் இராக்குக்கும் சம்பந்தமே கிடையாது. அவரும் சம்பந்தம் உண்டு என்று சொல்லவில்லை, குப்பி சொல்லாமல் சொல்லிவிட்டது. பேச்சு மறந்துபோனவர்களுக்குக்கூட அந்தக் குப்பியைப் பிடித்த கை ஞாபகம் இருக்கிறது.

நடமாடும் கிருமி ஆயுதக்கூடங்கள் பற்றி அவர் சொன்னது, ஜெர்மன் உளவுத்துறையின் வசம் இருந்த, 'கர்வ்பால்' என்று குறிப்பெயர் கொடுக்கப்பட்ட ஓர் இராக்கியரின் கதை. அமெரிக்க உளவுத்துறை அந்த ஆளிடம் சரியாக விசாரித்தும் பார்க்கவில்லை, அவரே 2011-ல் எல்லாம் கட்டிச் சொன்னது என்று ஒப்புக்கொண்டார். மார்ச்சில் போர் தொடங்கிவிட்டது, எந்த ஆயுதக் கிடங்கும் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சு தன் வாழ்க்கையில் ஒரு கறை என்று பவல் 2005-ல் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார்.

அவர் பொய்யர் அல்ல, என் அபிப்பிராயம் இது. ராணுவத்தில் முப்பத்தைந்து வருஷம் சேர்த்த பெயரை, தான் நேரில் பார்க்காத ஒரு விஷயத்துக்கு ஜாமீனாகக் கொடுத்தார். போர்முனை பற்றி அவர் பேசியிருந்தால் நானும் நம்பியிருப்பேன். தஞ்சாவூர் நண்பரே, ஆள் நேர்மையானவரா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், இந்த விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்றும் கேளுங்கள்.

கதர், பழைய செருப்பு, டீக்கடையில் டீ... தலைவர்களின் எளிமை எல்லாமே வேஷம்தானே? (மதுரை)

உங்கள் ஊரில்தான் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து காந்தி அரை வேட்டியோடு வெளியே வந்தார். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னது அவரை உறுத்திக்கொண்டிருந்தது. முதலில் அக்டோபர் 31 வரைதான் என்று அறிவித்தார். அது பிரசார உத்தியா என்றால், ஆமாம், உத்திதான், தன் உடம்பை வைத்து ஜனங்களிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். குரல் சன்னம், கை ஆட்ட மாட்டார், வக்கீலாக முதல் வழக்கில் எழுந்து நின்று வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்தவர். ஆனால் அக்டோபர் போய், பத்து வருஷம் கழித்து 1931-ல் லண்டன் குளிரில், பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் அதே உடையில் போனார். அரை நிர்வாணப் பக்கிரி என்று சர்ச்சில் திட்டியதும் அந்த வருஷம்தான். கேமரா போன பிறகும், வசதிப்படாத இடத்திலும் ஒன்றைத் தொடர்ந்து செய்தால் அதை வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். தேர்தல் அன்று மட்டும் டீக்கடைக்கு வருகிறவர் பற்றி உங்கள் தீர்ப்பே என் தீர்ப்பும்.

"நான் சொல்வதை அப்படியே நம்பாதே" என்று பெரியார் சொல்வாரே, அதுவும் நம்ப வைக்கிற ஒரு தந்திரமா? (ஈரோடு)

தந்திரமாகவும் வேலை செய்யும். நம்பாதே என்று சொல்கிறவரிடம் நாம் எச்சரிக்கையைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துவிடுகிறோம், அது மனித சுபாவம். ஆனால் அவரை நம்பியவர்கள் அந்த ஒரு வாக்கியத்துக்காக நம்பவில்லை. உங்கள் ஊர் வசதியான வியாபாரக் குடும்பம், நகராட்சித் தலைவர் பதவி, எல்லாம் இருந்தும் கள்ளுக்கடை மறியல் காலத்தில் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார், 1924-ல் வைக்கத்தில் சிறைக்குப் போனார். பேச்சால் தனக்கு நஷ்டம் வரும் இடத்திலும் பேசுகிறவர் என்று ஜனங்கள் பார்த்திருந்தார்கள். அதனால்தான் அவர் கருத்தை ஏற்காதவர்கள்கூட உட்கார்ந்து கேட்டார்கள். 1973 டிசம்பர் 19-ல் தியாகராய நகரில் கடைசியாகப் பேசினபோது வயது 94.

கிரிக்கெட் வீரர் சொன்னார் என்று அம்மா ஒரு பவுடரை வாங்கி வைத்திருக்கிறார். உயரம் கூடுமாம். விளம்பரத்தில் வருபவருக்குப் பொறுப்பே கிடையாதா? (திருப்பூர்)

உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வந்த பிறகு, தவறான விளம்பரத்தில் தோன்றுபவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. ஒரு வருஷம், அடுத்த தடவை மூன்று வருஷம் வரை விளம்பரங்களில் வரத் தடையும் விதிக்கலாம். சொல்வது சரிதானா என்று முன்கூட்டி விசாரித்துப் பார்த்திருந்தால் தப்பிக்கலாம், அதனால் "கம்பெனி எழுதிக் கொடுத்ததைப் படித்தேன்" என்பது போதாது. மட்டை பிடிக்கத் தெரிந்தவருக்கு எலும்பு வளர்வது பற்றி என்ன தெரியும் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள், சண்டை வரும். பில்லையும் டப்பாவையும் பத்திரமாக வையுங்கள், புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.