வாசகர் கேள்வி – பதில்: அக்கானிப் பதமும் பீர்க் கணக்கும்

கேள்வி: மெல்போர்னில் பணிபுரிகிறேன், வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். இணையவழிச் செய்முறை மென்பொருள் தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் சாறு தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) 1.050 என்கிறது, எனக்கு 1.042தான் கிடைக்கிறது. மென்பொருளை மாற்றலாமா? – தக்கலை வாசகர்.

பதில்: மாற்ற வேண்டாம். முதலில், அடர்த்திமானியைச் சூடான மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றில் இட்டீர்களா என்று பாருங்கள். சூட்டில் அது குறைத்தே காட்டும். கருப்பட்டிக்கு அக்கானி (பதநீர்) காய்ச்சும் நம்மூர்ப் பெண்கள் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டே பதம் அறிவார்கள். உங்களுக்கு மானிதான் கண். ஆறவைத்த பின்னும் 1.042 என்றால், சாற்றின் கொள்ளளவும் சரியாக இருக்கும்பட்சத்தில், மென்பொருளில் 75 சதவீதம் என்றுள்ள பிரித்தெடுப்புத் திறனை (மால்ட்டின் சர்க்கரையில் சாற்றில் இறங்கும் பங்கு) 63 எனத் திருத்துங்கள். அடுத்த முறை மால்ட் எவ்வளவு கூட்டவேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும். பிறகு மென்பொருளை மாற்ற நேர்ந்தாலும் பீர்எக்ஸ்எம்எல் (பீர் செய்முறைகளுக்கான பொதுக் கோப்பு வடிவம்) கோப்பாகச் செய்முறையை எடுத்துச்செல்லலாம். ஊருக்கு வரும்போது மட்டும் காய்ச்சிப்பார்க்க ஆசைப்படாதீர்கள்; 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் அதற்கு இடம் தராது.