டோக்கன் சண்டையா? முதலில் டாக்டரிடம் பேசுங்க

டாக்டர் தனக்குத் தெரிந்தவர்களை போனில் சொல்லி உள்ளே விடச் சொல்கிறார், காத்திருப்பவர்கள் உங்களைத் திட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் திருப்பூரில் ஒரு கிளினிக் வரவேற்பில் 6 வருடம் உட்கார்ந்தவள்தானுங்க. பனியன் கம்பெனி ஷிப்ட் விட்டதும் மொத்தமாக வந்து நிற்பார்கள். சனிக்கிழமை சம்பள நாள் வேறு, கேட்கவே வேண்டாம்.

கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து டாக்டரிடமே பேசுங்கள். 5 டோக்கனுக்கு ஒன்று அவருடைய ஆட்களுக்கு, அதற்கு மேல் இல்லை என்று நான் கேட்டு வாங்கினேன். அதை போர்டில் எழுதி மாட்டியதும் பாதிச் சண்டை நின்றது. என்ன மாயமோ!

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பாம்புக்கடி, வலிப்பு வந்த குழந்தை என்றால் டோக்கனே கிடையாது, நேராக உள்ளே. யாராவது கேட்டால் "அவசரமுங்க" என்பதோடு நிறுத்துங்கள். இன்னாருக்கு இன்ன நோய் என்று கூடத்தில் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், டாக்டர் வரத் தாமதமானால் மறைக்க வேண்டாம். "முக்கால் மணி நேரம் ஆகுமுங்க, டீ குடிச்சுட்டு வாங்க" என்றால் போய்விட்டு வருகிறார்கள். "இதோ வந்துருவாருங்க" என்று சொல்லிச் சொல்லியே முதல் வருடம் முழுக்க நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.