லாரித் தண்ணீர் ஐந்து நாள் டிரம்மில் நிற்கிறது, எப்படிக் குடிப்பது?

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் எங்கள் ஊர். குடிதண்ணீர் லாரி ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் வரும். 200 லிட்டர் டிரம்மில் பிடித்து வைத்துக் குடிக்கிறோம். போன மாதம் மகனுக்கு வயிற்றுப்போக்கு, இரண்டு நாள் கழித்து மாமியாருக்கும். எல்லாத் தண்ணீரையும் காய்ச்சினால் சிலிண்டர் கட்டுப்படியாகாது. டிரம்மில் பிளீச்சிங் பவுடர் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பிளீச்சிங் பவுடரிலிருந்து வரும் குளோரின் கிருமிகளைக் கொன்றபின் கொஞ்சம் தண்ணீரிலேயே மிஞ்சி நின்றால்தான் பாதுகாப்பு. வாய் அகன்ற டிரம்மில், வெயிலில், திறந்து மூடித் திறந்து மூடி, அந்த மிச்சம் ஒரு நாள் தாங்கினாலே பெரிது. மறுநாள் சொம்போடு உள்ளே போகும் விரல்களில் இருப்பதெல்லாம் தண்ணீரில் கலந்துவிடும். லாரித் தண்ணீர் சுத்தமாகவே வந்திருந்தாலும் டிரம்மில் கெடுவது இப்படித்தான்.

அதனால் குடிக்கிற தண்ணீரைத் தனியாகப் பிரியுங்கள். குழாய் வைத்த 20 லிட்டர் கேன் ஒன்று போதும். தினமும் சாயங்காலம் மறுநாளுக்கானதை மட்டும் பழைய பருத்திச் சேலைத் துணியில் வடிகட்டி அதில் ஊற்றுங்கள். சேலைத் துணியை லேசாக நினைக்க வேண்டாம். வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில், சேலையை எட்டு மடிப்பாக்கி குளத்துத் தண்ணீரை வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ரீட்டா கோல்வெல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இது. காலராக் கிருமி, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் துணியில் அவற்றோடு சேர்ந்து சிக்கிவிடும். மற்றக் கிருமிகள் அப்படிச் சிக்காது, எனவே குளோரின் கட்டாயம். ஊருணித் தண்ணீர் எடுக்கிற நாளில் தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளியவிட்டு, பிறகு வடிகட்டுங்கள். கலங்கல் நீரில் குளோரின் வீணாகும்.

குளோரின் மாத்திரை கிடைத்தால் அதுதான் எளிது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். வழக்கமான அரை கிராம் மாத்திரை 20 லிட்டருக்கு ஒன்று. அட்டையில் வேறு அளவு இருந்தால் அதன்படி. பவுடர்தான் இருக்கிறதென்றால், 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் இருண்ட பாட்டிலில் எடுத்து மூடி வையுங்கள். அந்தத் தெளிவு 10 மில்லி, அதாவது டானிக் அளவு மூடியில் ஒன்று, 20 லிட்டருக்குப் போதும். (அந்த மூடியை மறுபடி மருந்துக்கு எடுக்காதீர்கள்.) வாரம் ஒரு முறை புதிதாகக் கலக்குங்கள். கட்டி தட்டிப் போன, நெடியே இல்லாத பவுடரால் பயன் இல்லை. அரை மணி நேரம் கழித்து லேசான குளோரின் வாடை வந்தால் சரி. வாடையே இல்லையென்றால் இன்னொரு அரை மூடி விட்டு, மறுபடி அரை மணி காத்திருங்கள்.

காய்ச்சுவதை கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் ஈ மஞ்சள் காமாலை வந்தால் உயிருக்கே ஆபத்து. இருபது நிமிடம் கொதிக்க வேண்டியதில்லை. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் போதும், கேஸ் மிச்சம். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். உவர்ப்பு மட்டும் இதில் எதிலும் போகாது.

இன்னொன்று. மகனுக்கு வந்து இரண்டு நாள் கழித்து மாமியாருக்கு வந்தது என்கிறீர்களே, அது தண்ணீரால் வராமல் கையால் வந்திருக்கவும் கூடும். பையனுக்குக் கால் கழுவிவிட்ட கையை யார் சோப்புப் போட்டுக் கழுவினார்கள்? தண்ணீர்த் தட்டுப்பாட்டில் முதலில் நிற்பது கை கழுவுவதுதான். அதற்கு லாரித் தண்ணீர் வேண்டாம், போர் உப்புத் தண்ணீரே போதும். நுரைக்காவிட்டாலும் சோப்பைத் தேய்த்துக் கழுவுங்கள். டிரம்மை வாரம் ஒரு முறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள், டெங்குக் கொசுவுக்கு அது பிடித்த இடம்.

மறுபடி போக்கு கண்டால் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் சுத்தம் செய்த தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பையனுக்குத் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை 14 நாள், போக்கு நின்ற பிறகும். கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.